நாற்பது குப்பிகளின் வரிசை

என் தம்பி எதைச் சொன்னாலும் அதில் எட்டில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அதனால்தான் அவனுக்கு ‘அரைக்கால்’ என்று பெயர் வைத்தேன். கால் பங்கில் பாதி. சில நாட்களில் அதுவே அதிகம். எட்டாம் வகுப்பில் தேறிவிட்டதாகச் சொல்லி, அம்மாவைத் தெரு முழுக்க இனிப்புக் கொடுக்க வைத்தவன் அவன். பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. “தேறின மாதிரிதாம்மா இருந்துச்சு” என்றான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

இப்போது அவன் ஒரு தூண்டில் படகுக்குத் தலைவன். அவனுக்குக் கீழே நாலு பேர். நான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளர். ஒரே கட்டடத்தில் கீழே நான், மேலே அவனும் அவன் மனைவியும். எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை ஊரே சொல்லும், நானும் மறுக்கமாட்டேன். குப்பியின் மூடி சரியாக மூடவில்லை என்றால் எனக்கு அன்று சாப்பாடு இறங்காது.

எங்கள் நிலையத்தில் மூன்று அறைகள். முதல் அறையில் குளிர்ப்பெட்டிகள், நடு அறையில் என் மேசையும் மெஷினும், கடைசி அறையில் டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் அல்ல, மீன் படித்து டாக்டர் ஆனவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். குரலை உயர்த்தவே மாட்டார். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதற்குக் காரணம், இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கத்திவிடுவதுதான்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது சூரை மீனை. எங்கள் கடலில் சூரை கிடைக்கிற இடம் இரண்டு. வடக்கு மேடு, தெற்கு மேடு. இரண்டுக்கும் நடுவில் ஆழமான பள்ளம், குளிர்ந்த நீரோட்டம். படகில் போனால் ஒன்றரை நாள் ஓட்டம். வடக்கு மீன் வடக்கிலேயே இருக்கும், தெற்கு மீன் தெற்கிலேயே இருக்கும், பள்ளத்தைத் தாண்டாது என்பதுதான் எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. தெற்கு மேட்டில் மீன் முட்டையிடும் மூன்று மாதமும் அங்கே எந்தப் படகும் போகக்கூடாது. போனால் உரிமம் போய்விடும்.

பார்வைக்கு இரண்டு மீனும் ஒன்றுதான். மரபணுவில்தான் வித்தியாசம். ஒரு குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி காது மடல் இருக்குமே, அந்த மாதிரி தெற்கு மீனுக்கு ஒரு சாயல், வடக்கு மீனுக்கு ஒரு சாயல். துடுப்பின் நுனியில் நகம் அளவு துண்டு போதும், மெஷின் சொல்லிவிடும்.

துண்டுகளைக் கொண்டுவருபவர்கள் படகுக்காரர்கள். ஒரு படகுக்கு நாற்பது குப்பிகள் கொடுப்போம். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட் ஊற்றியிருக்கும், மூடியில் எண் அச்சடித்திருக்கும். தூண்டிலில் மீன் வர வர, ஐஸில் போடும் முன்பே துடுப்பைக் கத்தரித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் குப்பியில் போட வேண்டும். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் மீனின் எடையைப் பென்சிலால் எழுதிப் போட வேண்டும். பேனா கூடாது, ஸ்பிரிட்டில் மை கரைந்துவிடும். துறைமுகத்தில் பாதிப் பேர் இதை ஏதோ மீன் நோய்க்கான சோதனை என்றே நினைத்திருந்தார்கள். என் தம்பியும் அப்படித்தான். நான் விளக்கவில்லை. அவனுக்கு ஒன்றை விளக்கினால் மறுநாள் துறைமுகம் முழுக்க அது எட்டாகப் பெருகி நிற்கும்.

அவன் சீட்டுகளைப் படிப்பது தனிக் கூத்து. எட்டுக் கிலோ மீனுக்குப் ‘பதினாறு’ என்று எழுதுவான். பக்கத்தில் குறிப்பு வேறு: ‘முறைச்சான்’, ‘மாமனார் மூஞ்சி’. ஒரு முறை ‘இவன் படகையே இழுத்தான்’ என்றிருந்தது. ஏலக்கூடத்தில் விசாரித்தால் அன்றைக்கு அவன் கொண்டுவந்த மிகப்பெரிய மீனே பதினொன்று. மீனின் வாலிலும் குப்பியின் எண்ணைக் கட்டியிருப்பார்கள். அதை வைத்து, எடையை நான் ஏலக்கூடத்துச் சீட்டிலிருந்துதான் எழுதிக்கொள்வேன்.

தெற்கு மேடு மூடியிருந்த அந்த மாதம், தம்பி ஆறு நாள் வடக்கு மேட்டுக்குப் போய்வந்தான். நாற்பது குப்பிகளைக் கொடுத்தான். பத்து நாள் கழித்து மெஷின் கணக்கு வந்தது. வடக்கு முப்பத்து மூன்று. தெற்கு ஏழு.

டாக்டரம்மா அந்தத் தாளை என் மேசையில் வைத்தார்.

“மூணு காரணம் இருக்கலாம்” என்றார். “ஒண்ணு, நம்ம ரூம்ல குப்பி மாறியிருக்கலாம். ரெண்டு, மீன் பள்ளத்தைத் தாண்டி வந்திருக்கலாம். மூணு...”

“படகு தாண்டிப் போயிருக்கலாம்” என்றேன் நான்.

முதல் காரணத்தை அன்றே பார்த்தேன். மிச்சமிருந்த துண்டுகளிலிருந்து மறுபடி எடுத்து மறுபடி ஓட்டினேன். அதே ஏழு. என் கை சுத்தம். அதில் எனக்கு நிம்மதி வந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

இரண்டாவது காரணத்துக்கு நாங்கள் யாரும் அதிக நேரம் கொடுக்கவில்லை. இத்தனை வருடப் புத்தகமும் தப்பு, என் தம்பி சரி என்று நினைக்க யாருக்கு மனம் வரும்?

மாதிரிகளோடு ஒரு படிவம் போகும். அதில் ‘நம்பகம்’ என்று ஒரு கட்டம். மாதிரியைத் தந்தவர் சொல்லும் இடத்தையும் வரிசையையும் நம்பலாமா என்று, மாதிரியை வாங்கியவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கியது நான். “யோசிச்சுப் போடுங்க” என்றார் டாக்டரம்மா. “அவசரமில்ல.”

அன்று சாயங்காலம் மாடிக்குப் போனேன். தம்பி தூண்டில் முட்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

“தெற்குப் பக்கம் போனியாடா?”

“இல்லையே.”

“உண்மையைச் சொல்லு.”

“போகலக்கா. வடக்கு மேட்டுலயே ஆறு நாளும் கிடந்தோம். மீன் என்னமா கிடைச்சுச்சு தெரியுமா? கடலே கறுப்பாத் தெரிஞ்சுது. ஒவ்வொருத்தனும் இந்தா இந்த அளவு...” என்று இரண்டு கையையும் விரித்தான்.

அந்தக் கை விரிப்பில்தான் நான் முடிவு செய்தேன். கை விரித்து அவன் சொன்ன எதுவும் இதுவரை உண்மையாக இருந்ததில்லை. மறுநாள் காலை ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தெற்கு மீன் என்று வந்தால் தகவல் சொல்ல வேண்டியது விதி. படிவம் மீன்துறை அலுவலகத்துக்குப் போயிற்று. விசாரணை முடியும்வரை உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். படகாட்கள் நாலு பேரும் வடக்கு மேடு என்றுதான் சொன்னார்கள். அவன் ஆட்கள் அவனுக்குச் சாதகமாகத்தானே பேசுவார்கள் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். இடம் காட்டும் கருவி பெரிய படகுகளில்தான் உண்டு, இவனுடையது சின்னது. இறுதி முடிவுக்கு இரண்டு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். அன்று எதிராகப் போனால் உரிமம் ஒரேயடியாகப் போகும்.

அலுவலகம் அனுப்பிய நகலில் என் கையெழுத்து இருந்தது. தம்பி அதை என்னிடம் காட்டவில்லை, சண்டைக்கும் வரவில்லை. அவன் மனைவிதான் துணி உலர்த்தும்போது சொன்னாள்.

“அக்கா, நீங்க அவரைத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. எழுதிக் குடுத்துட்டீங்களே.”

எனக்குக் கோபம்தான் வந்தது. “பொய் சொன்னா நான் என்ன பண்றது?” என்றேன். அவள் மிச்சத் துணியையும் போட்டுவிட்டுப் போனாள்.

தம்பி ஐஸ் ஆலையில் கட்டி தூக்கும் வேலைக்குப் போனான். எங்கள் நடு அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே ஐஸ் ஆலையின் பின்பக்கம். பதினோரு மணிக்கு மற்றவர்களோடு வெளியே வந்து சுவரில் சாய்ந்து டீ குடிப்பான். முன்பெல்லாம் அவனைச் சுற்றி நாலு பேர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். இப்போது தனியாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான். மாடிப் படியில் என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டான். ஒரே கட்டடத்தில் ஐந்து வாரம் ஒரு வார்த்தை இல்லை. நான் ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டேன். வெயில் படுகிறது என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது.

தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வருடக் கணக்குக்காக என் நோட்டுகளைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். இங்கே என் வேலை முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். படகிலிருந்து வரும் குப்பிகளை வந்த வரிசையில் நான் மெஷினில் ஏற்றமாட்டேன். கலைத்துவிடுவேன். மெஷினில் ஒரு மூலை பழுதாக இருந்தால் ஒரே படகின் மீன்களெல்லாம் சேர்ந்து பழுதாகிவிடக்கூடாது அல்லவா, அதற்காக. கலைத்து, புது எண் கொடுத்து, எந்தப் பழைய எண்ணுக்கு எந்தப் புது எண் என்று நோட்டில் குறித்துவைப்பேன். இத்தனை ஒழுங்காக யாரும் கலைக்கமாட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மெஷினின் விடை புது எண்ணில்தான் வரும். ஏழு என்ற தொகையைப் பார்த்ததோடு சரி. படகின் பழைய எண்ணுக்குத் திரும்பிப் போய் யாரும் பார்க்கவில்லை.

அன்று நோட்டுக்காகத் திரும்பிப் போனேன். நாற்பது கட்டம் போட்டு, தம்பியின் எண்களை ஒன்றிலிருந்து நாற்பதுவரை எழுதி, தெற்கு மீன் வந்த கட்டங்களுக்குச் சிவப்புப் பென்சிலால் வண்ணம் அடித்தேன். நாலு. ஒன்பது. பத்து. பதினேழு. இருபத்தாறு. முப்பத்தொன்று. முப்பத்தெட்டு.



படகு தெற்கே போயிருந்தால் தெற்கு மீன் ஏழும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்திருக்க வேண்டும். முதலிலோ, கடைசியிலோ, நடுவிலோ, ஆனால் சேர்ந்து. ஒன்றரை நாள் ஓட்டம் இருக்கிற இரண்டு இடங்களுக்கு நடுவே, மூன்று மீன் இங்கே பிடித்து, நாலாவதை அங்கே பிடித்து, ஐந்தாவதுக்கு இங்கே திரும்பி வர அது படகா, ஊஞ்சலா? இந்த நாற்பது மீனும் ஒரே கூட்டமாக ஒரே தண்ணீரில் நீந்தியிருக்கின்றன. தெற்கிலிருந்து வந்தது மீன். என் தம்பி எங்கும் போகவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் வெகுநேரம் பார்த்தார். காது சிவந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான்.

“பள்ளத்தைத் தாண்டி வருது” என்றார். “இதுவரைக்கும் யாரும் காட்டினதில்ல. இதை ஏன் நாம முன்னாடியே பார்க்கல?”

“கலைச்சது நான்தானே. கலைச்ச கையோட மறந்துட்டேன்.”

அவர் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“ஒரு விஷயம். இது முழுக்க அந்த வரிசையை வெச்சுத்தான் நிக்குது. குப்பியை வரிசையாப் போட்டேன்னு சொன்னது உங்க தம்பி. அவரோட நம்பகத்துக்கு நீங்கதான் ‘இல்லை’ன்னு எழுதியிருக்கீங்க.”

நான் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

“அதே மாசம் வடக்கு மேட்டுக்குப் போன வேற ரெண்டு படகு குடுத்த எண்பது குப்பி குளிர்ப்பெட்டியில இருக்கு, இன்னும் ஓட்டல. அதுலயும் இப்படி வந்தா சந்தேகமே இல்ல. ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் தம்பிகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு தோணுது. ஒருவேளை வரலைன்னா அவருக்கு ரெண்டாவது தடவை அடி.”

சரியான பேச்சு. இருபத்தாறு வருடத்தில் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன். ஆனால் அன்றைக்கு முடியவில்லை.

“புதுப் படிவம் ஒண்ணு குடுங்க, மேடம்” என்றேன்.

“எண்பது குப்பியையும் பார்த்துட்டு எழுதலாமே?”

“அது மீனுக்கு. இந்தக் கட்டம் ஆளுக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து படிவத்தைக் கொடுத்தார். ‘நம்பகம்’ கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதி, பழைய கையெழுத்து தவறு என்பதற்கு இரண்டு வரி விளக்கமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாக விழுந்தது, அதற்காகத் திருப்பி எழுதவில்லை.

சாயங்காலம் மாடிப் படி ஏறினேன். பதினெட்டுப் படி, தினமும் பார்க்கிற படிதான். அன்று நடுவில் ஒரு முறை நின்றேன். கதவைத் திறந்தது தம்பி மனைவி. என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, “அக்கா வந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையில் மருந்து தடவிக்கொண்டிருந்தான். ஐஸ் தூக்கித் தூக்கித் தோல் வெடித்திருந்தது.

சிவப்புக் கட்டம் போட்ட தாளை அவன் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாயல், பள்ளம், மெஷின், கலைத்தது, எல்லாம். முன்பு விளக்காமல் விட்டது அத்தனையும். அவன் குறுக்கே பேசவில்லை. விரலால் சிவப்புக் கட்டங்களைத் தொட்டுக்கொண்டே போய் முப்பத்தெட்டில் நிறுத்தினான்.

“அப்போ மெஷின் சொல்லிடுச்சா, நான் போகலன்னு?”

“இன்னும் இல்ல. வேற படகோட குப்பி இருக்கு. அதை ஓட்ட ரெண்டு வாரம் ஆகும்.”

“அப்போ இப்ப எதுக்கு வந்தே?”

“இந்த வரிசையை நம்பினா நீ போகல. வரிசையைச் சொன்னது நீ. நான் நம்பறேன். எழுதிக் குடுத்துட்டேன்.”

அவன் மருந்து டப்பியை மூடி வைத்தான்.

“எவ்வளவு போட்டே? எட்டுல ஒண்ணா?”

“அந்தப் படிவத்துல எட்டுல ஒண்ணுன்னு போட இடம் கிடையாதுடா. ஒண்ணு ஆமாம், இல்லன்னா இல்ல. ரெண்டே ரெண்டுதான்.”

“அக்கா, மூணு காரணம் இருந்துச்சுன்னு சொன்னியே. மீன் வந்திருக்கலாம்னு அன்னிக்கே உனக்குத் தோணலையா?”

“தோணுச்சு.”

“அப்புறம்?”

“நீதான் முதல்ல தோணுனே.”

அவன் தலையை மட்டும் ஆட்டினான். நான் மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் நான் அதிகம் கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. “தப்புப் பண்ணிட்டேன்டா” என்று மட்டும் வந்தது. அழுதேன். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தம்பி, “குடி” என்றான். ஐந்து வாரத்துக்குப் பிறகு அவன் என்னை ஒரு வேலை செய்யச் சொன்னது அதுதான். மடமடவென்று குடித்தேன்.

அந்த எண்பது குப்பியில் பதினொரு தெற்கு மீன் வந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாக. டாக்டரம்மா காது சிவக்க அலுவலகத்துக்கு நேரில் போனார். அந்தத் தேதியில் உரிமம் தம்பி கைக்கு வந்தது. மறு வாரமே அவன் கடலுக்குக் கிளம்பினான். போகும்போது நாற்பது குப்பிகளையும் ஒரு பென்சிலையும் கேட்டு வாங்கிக்கொண்டான். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆறு நாள் கழித்துக் குப்பிகள் வந்தன. மேசை விளக்கைப் போட்டு ஒவ்வொரு சீட்டாக எடுத்தேன். ஒன்று: ஒன்பதரைக் கிலோ. இரண்டு: ஏழு. மூன்று: பத்தே கால். ஏலக்கூடத்துச் சீட்டோடு ஒத்துப் பார்த்தேன், இம்மி பிசகவில்லை. ஒரு குறிப்பு இல்லை. மாமனார் மூஞ்சி இல்லை, முறைச்சவன் இல்லை. தராசு வாங்கிப் படகிலேயே நிறுத்திருக்கிறான். ஐந்து, பத்து, இருபது என்று எடுக்க எடுக்க, நான் ஆயிரம் தடவை கேட்ட ஒழுங்கு அத்தனையும் அந்தச் சீட்டுகளில் இருந்தது. அவனுடைய எட்டையும் வெட்டி ஒன்றாக்கிவிட்டது நான்தான்.

முப்பத்தொன்பதாவது சீட்டு: எட்டு முக்கால். கடைசிக் குப்பியைத் திறந்தேன். சீட்டு மடித்திருந்தது. இடுக்கியால் எடுத்து விரித்தேன். பென்சிலை அழுத்தி, பெரிய எழுத்தில்:

‘நாற்பது கிலோ. படகையே இழுத்தான். அக்கா மூஞ்சி.’

ஏலக்கூடத்துச் சீட்டில் அந்த மீன் ஆறு கிலோ. நான் சிரித்த சத்தத்தில் டாக்டரம்மா கடைசி அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடைக்கு நேரே ஆறு என்று எழுதினேன். பிறகு படிவத்தை இழுத்து, நம்பகம் என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று போட்டேன்.